அத்தானுக்கு ஒரு லினக்ஸ்

9 ஜனவரி

மாப்ளே,

சுகமா இருக்கியா? சுரங்கத்துக்குள்ள ஊறுற தண்ணிய வெளிய இறைக்கிற வேலை, நாள் பூரா ஈரத்துலயே நிக்கிற வேலை, காலை நல்லாத் துடைச்சுட்டுப் படு. இதை நான் சொல்லல, உங்க அக்கா சொல்றா. அவ சொன்னதை முதல்ல எழுதிட்டா அப்புறம் என் கதைய நான் நிம்மதியா எழுதலாம் பாரு.

பள்ளிக்கூடம் எனக்கு ஒத்து வரலைன்னு உனக்குத் தெரியும். பேசுற மாதிரிதான் எழுத வரும். உங்க மலையில டவரும் கிடையாது, அதனால இதை சாமான் லாரிக்கார ஹாரன்கிட்ட கொடுத்து விடுறேன். அவனுக்கு ஏன் ஹாரன்னு பேர் வந்துச்சு, சொல்லிருக்கேனா? ஒருநாள் எங்க தெரு முனையில வழிய மறிச்சு ஒரு லாரி நின்னுச்சு. இவன் பின்னாடி வந்து அடிக்கிறான் அடிக்கிறான், தெருவே காதைப் பொத்துது. கடைசியில இறங்கிப் போய்ப் பாத்தா, நின்னது இவனோட லாரி. அன்னைக்கு வேற ஆளோட லாரிய ஓட்டிக்கிட்டு வந்திருக்கான், மறந்துட்டான். அப்பேர்ப்பட்டவன் கையில கொடுக்கிறேன், கடுதாசி வந்து சேந்தா சரி.

விஷயத்துக்கு வரேன். நம்ம எம்பிராய்டரிக் கடைக் கம்ப்யூட்டரைத் திறந்தா தினமும் காலையில திரையில ஒரு பெட்டி வந்து நிக்குது. பழைய விண்டோஸுக்கு இனிமே பாதுகாப்பு கிடையாதாம், புது விண்டோஸ் இந்தப் பழைய கம்ப்யூட்டர்ல ஏறாதாம். ரெண்டு கடை தள்ளி நெட் சென்டர் வச்சிருக்காங்கல்ல அந்தம்மா, அவங்களைக் கேட்டேன். "ஒண்ணு புதுக் கம்ப்யூட்டர் வாங்குங்க, இல்ல விண்டோஸை விட்டுட்டு, காசில்லாமக் கிடைக்கிற லினக்ஸுக்கு மாறுங்க"ன்னாங்க. உடனே உங்க அக்கா, "என் தம்பி வீட்டுக்கு வந்தாலே சோறு ஆறிப்போற வரைக்கும் லினக்ஸ் லினக்ஸ்னு பேசுவானே, அவனையே கேளுங்க. இன்னைக்காவது அந்தப் பேச்சு உதவட்டும்"ங்கறா.

இப்ப கையில நல்ல வேலை ஒண்ணு வந்திருக்கு மாப்ளே. ஆஸ்பத்திரிக்காரங்க நர்ஸம்மாக்களோட கோட்டு எல்லாத்தையும் நம்மகிட்ட கொடுத்திருக்காங்க. கையில ஆஸ்பத்திரி முத்திரை, நெஞ்சுல அவங்கவங்க பேர், ரெண்டையும் நூல்ல போடணும். மார்ச் கடைசியில புதுக் கட்டடம் திறக்கிறாங்க, அன்னைக்கு எல்லாரும் பேர் போட்ட கோட்டோட நிக்கணும்னு தலைமை நர்ஸம்மா கண்டிப்பா சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஒழுங்கா முடிச்சா வருஷா வருஷம் நமக்குத்தானாம். சொதப்பினா பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற பெரிய எம்பிராய்டரிக் கடைக்குப் போயிடும்.

அதனால கேள்வி ஒண்ணே ஒண்ணு: எந்த லினக்ஸ்? ஒரு வார்த்தையில பதில் போட்டாப் போதும்.

அத்தான்


16 ஜனவரி

அன்பு அத்தான்,

ஒரு வார்த்தையில பதில் கேட்டிருக்கீங்க. அது நடக்காத காரியம்!

எத்தனை வருஷமா இதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? லினக்ஸ்ங்கறது ஒரே ஆள் இல்ல அத்தான், அது ஒரு வம்சம். உபுண்டு, டெபியன், ஃபெடோரா, மின்ட், ஆர்ச்... எல்லாம் ஒரே ரத்தம், குணம் வேற வேற. ஒருத்தர் அமைதி, ஒருத்தர் அவசரக்குடுக்கை. நான் இங்க பம்ப் ரூம் கம்ப்யூட்டர்லயே மூணை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன்.

உங்களுக்கு மின்ட். பாக்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், பயம் வராது. பழைய கம்ப்யூட்டருக்குன்னே எக்ஸ்எஃப்சிஇன்னு இலகுவான வகை ஒண்ணு இருக்கு, அதைக் கேளுங்க. முக்கியமானதை எல்லாம் ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து வச்சுக்கங்க. அப்புறம் ஒரு பென்டிரைவ் எடுத்துக்கிட்டு நெட் சென்டருக்குப் போங்க, மின்டை அதுல எழுதிக் கொடுப்பாங்க. அதைச் சொருகிக் கம்ப்யூட்டரைத் திறந்தா அதுவே வழி சொல்லும். ஒரு இடத்துல "பழசை முழுசா அழிச்சிடவா"ன்னு கேக்கும். அழின்னு சொல்லுங்க. ரெண்டையும் வச்சுக்கிட்டா நீங்க பழசுக்கே ஓடிடுவீங்க, எனக்கு உங்களைத் தெரியும்.

அக்காகிட்ட சொல்லுங்க, கால் நல்லாத்தான் இருக்கு.

மாப்பிள்ளை


23 ஜனவரி

அத்தான்,

நிறுத்துங்க! மின்ட் வேண்டாம்.

இங்க சர்வேயர் ஒருத்தர் புதுசா வந்திருக்கார். ராத்திரிச் சாப்பாட்டுல ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. கடைசியில அவர் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி: "கிளையில ஏன் உக்காரணும், மரத்துலயே உக்காரலாமே?" யோசிச்சுப் பாத்தா நியாயம்தான். மின்ட் உபுண்டுவுல இருந்து வந்தது, உபுண்டு டெபியன்ல இருந்து வந்தது. அப்ப நேரா டெபியனே போட்டுடலாம்ல? பாறை மாதிரி நிக்கும், வருஷக்கணக்குல அசையாது.

மின்டைப் போட்டிருந்தாலும் பரவாயில்ல. அதை அழிச்சுட்டு இதைப் போடுங்க.

மாப்பிள்ளை


30 ஜனவரி

மாப்ளே,

உன் ரெண்டாவது கடுதாசி வர்றப்ப நான் மின்டைப் போட்டு முடிச்சு, திரையில தெரியிற படத்தைக்கூட மாத்திட்டு, டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். ஹாரன் வந்து நீட்டினான். படிச்சதும் பாதி டீயோட எந்திரிச்சேன்.

திரும்பவும் நெட் சென்டர். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. "அதுவே நல்லாத்தானே இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. "எங்க மாப்பிள்ளை மலை மேல இருந்து சொல்றாரு"ன்னேன். "மலை மேல இருந்து பாத்தா எல்லாம் சின்னதாத்தான் தெரியும்"னு சொல்லிக்கிட்டே எழுதிக் கொடுத்தாங்க. அவங்க பேச்சே அப்படித்தான். அவங்க வீட்டுக்காரர் ஒருதடவை கடைக்குப் புதுப் பலகை எழுத ஆள் கூட்டிக்கிட்டு வந்தாராம். "இருக்கிற பலகையப் படிக்கவே ஆள் வரல, புதுசு எதுக்கு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். அந்தக் கதைய இன்னொருநாள் சொல்றேன்.

டெபியன் வந்திருச்சு. சுத்தமா இருக்கு, கழுவிவிட்ட வாசல் மாதிரி. ஆனா அதை வச்சு என்ன செய்யறதுன்னு தெரியல. என் வேலைக்கு அது உதவல மாப்ளே. எங்க தேடினாலும் என் வேலை அதுல இல்ல. நானும் பொத்தான் பொத்தானா அமுக்கிப் பாக்குறேன். உங்க அக்கா, "கம்ப்யூட்டர் மாறிச்சு, கோட்டு எப்ப மாறும்?"ங்கறா. ஆஸ்பத்திரி முத்திரை தையல் மெஷினோட ஞாபகத்துலயே இருக்கறதால அது மட்டும் ஓடிக்கிட்டிருக்கு. அது முடிஞ்சதும் பேர் போட்டே ஆகணும்.

என்ன செய்யணும்னு சொல்லு. இந்தத் தடவையாவது சுருக்கமா.

அத்தான்


6 பிப்ரவரி

அத்தான்,

புரிஞ்சிடுச்சு! டெபியன் நிதானக்காரர், எல்லாத்துலயும் கொஞ்சம் பழைய பதிப்புதான் இருக்கும். அதனாலதான் உங்க வேலைக்கு உதவல. உங்களுக்கு வேணுங்கறது புதுசு. ஃபெடோரா போடுங்க. சர்வேயர் ஒத்துக்க மாட்டேங்கறார், ஆனா அவர் எதைத்தான் ஒத்துக்கிட்டார்?

இல்ல, இதையும் யோசிங்க: ஆர்ச். எல்லாத்தையும் நாமளே ஒண்ணு ஒண்ணாக் கட்டணும். கஷ்டம்தான். ஆனா கட்டி முடிச்சா கம்ப்யூட்டரோட நாடி நரம்பு எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும். நீங்க மெஷினைக் கழட்டி மாட்டுற ஆள், உங்களுக்கு இது பெரிய விஷயமே இல்ல. எப்படிக் கட்டறதுன்னு இதோட பதினோரு பக்கம் எழுதி வச்சிருக்கேன்.

மாப்பிள்ளை


13 பிப்ரவரி

மாப்ளே,

அந்தப் பதினோரு பக்கத்தை உங்க அக்கா ஜன்னல் கதவு ஆடாம இருக்க மடிச்சுச் சொருகிட்டா. காத்து நின்னுருச்சு. நீ அனுப்பினதுல உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான்.

நேத்து தையல் மெஷின்ல பேர் போடலாம்னு, எழுத்து டிசைன் எல்லாம் சேத்து வச்சிருந்த மஞ்சள் பென்டிரைவைச் சொருகினேன். மெஷின் முழிக்குது. எடுத்துத் துடைச்சுச் சொருகினேன். முழிக்குது. ஊதிச் சொருகினேன், அப்பவும் அதேதான். நெட் சென்டர் அம்மாகிட்ட ஓடினேன். பாத்துட்டு, "இதுல டெபியன்தான் இருக்கு, வேற எதுவும் இல்லையே"ங்கறாங்க.

நீ என்ன எழுதினே? முக்கியமானதை ஒரு பென்டிரைவ்ல வச்சுக்கங்கன்னு எழுதினே. நான் தைச்ச டிசைன் எல்லாம் அந்த மஞ்சள்லதானே ஏற்கெனவே இருக்கு, அதனால அந்த வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு பென்டிரைவ் எடுத்துக்கிட்டுப் போங்கன்னு எழுதினே. எடுத்துக்கிட்டுப் போனேன். அதையேதான். கடையில இருக்கறதே அது ஒண்ணுதான் மாப்ளே! நம்ம மெஷின் பழசு, சின்ன பென்டிரைவைத்தான் படிக்கும். இப்ப விக்கிற பெரிசு எதைச் சொருகினாலும் துப்பிடும். அதனால மஞ்சளைத் தவிர நான் எதையும் வாங்கினதே இல்ல. "காலியா இருக்கா?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. "எழுத இடம் இருக்கு"ன்னு சொன்னேன். நோட்டுல பின்பக்கம் இருக்கும்ல, அந்த நினைப்பு எனக்கு.

கம்ப்யூட்டர்ல இருந்ததை நீ அழிக்கச் சொன்னே. பென்ல இருந்ததை நானே அழிச்சுட்டேன். எழுத்து டிசைன் அத்தனையும் போச்சு.

இப்ப உங்க அக்கா உக்காந்து நர்ஸம்மா பேரை எல்லாம் ஊசியில தைக்கிறா. சாயங்காலம் ஆனா மணிக்கட்டு வீங்கிப்போகுது. சீப்பைப் பிடிக்க முடியல, நான்தான் தலை வாரி விடுறேன். எனக்கு வகிடு எடுக்கத் தெரியல. அதைச் சொல்லிச் சிரிக்கிறா, சிரிச்சுக்கிட்டே கையைப் பிடிச்சுக்கிறா. தலைமை நர்ஸம்மா வந்து முடிஞ்ச கோட்டை எண்ணிட்டுப் போனாங்க. திட்டிட்டுப் போயிருந்தாலாவது பரவாயில்ல.

ஃபெடோராவும் வேண்டாம், ஆர்ச்சும் வேண்டாம். இனிமே நீ எழுதவும் வேண்டாம்.

அத்தான்


20 பிப்ரவரி

அத்தான்,

வேண்டாம்னு சொன்னீங்க, எழுதுறேன். கிழிச்சுப் போடறதா இருந்தாலும் படிச்சுட்டுக் கிழிங்க.

அக்கா கையைப் பத்திப் படிச்சதுல இருந்து அதே நினைப்புத்தான். எனக்குக் கோபமும் வருது, யார் மேலன்னுதான் தெரியல. ரெண்டு பென்டிரைவ்னு நான் பிரிச்சு எழுதியிருக்கணும். ஆனா இருக்கறதே ஒரு பென்டிரைவ்னு நீங்க சொல்லியிருக்கலாம்ல? உதவலன்னு எழுதினீங்க, என்னத்துக்கு உதவலன்னு எழுதவே இல்லையே! நான் மலை மேல உக்காந்துக்கிட்டு என்னன்னு நினைக்கிறது?

சர்வேயர்கிட்ட உங்க கடுதாசியப் படிச்சுக் காட்டினேன். மனசு கேக்கலைன்னுதான் காட்டினேன், கோவிச்சுக்காதீங்க. மனுஷன் முழுசும் கேட்டுட்டு, "உங்க அத்தான் அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன வேலை செய்றார்?"னு கேட்டார். எனக்கே அது தெரியாதுன்னு அப்பத்தான் தெரிஞ்சது. கணக்கு எழுதுறீங்களா? படம் பாக்குறீங்களா? எத்தனை தடவை உங்க கடைக்கு வந்திருக்கேன்! வந்ததும் நாற்காலியப் பிடிச்சுக்கிட்டுப் பேசினதுதான், நீங்க அதுல என்ன செய்றீங்கன்னு ஒருநாள் எட்டிப் பாத்ததில்ல.

அதனால இப்பக் கேக்குறேன். அந்தக் கம்ப்யூட்டரை வச்சு என்ன செய்றீங்க? மின்ட், டெபியன் எல்லாத்தையும் விடுங்க. காலையில கடையைத் திறந்ததுல இருந்து சொல்லுங்க. எவ்வளவு சுத்தி வளைச்சு வேணா எழுதுங்க.

நெட் சென்டர்ல அந்தம்மா எந்த லினக்ஸ் வச்சிருக்காங்க? அதையும் கேட்டு எழுதுங்க.

மாப்பிள்ளை


27 பிப்ரவரி

மாப்ளே,

கடுதாசிய ரெண்டு நாள் பிரிக்காம மெஷின் மேல வச்சிருந்தேன். உங்க அக்காதான் பிரிச்சா, இடது கையால. "கேள்வி கேட்டிருக்கான், முதல் தடவையா. பதில் எழுதுங்க"ன்னா.

காலையில கடையைத் திறந்ததும் முதல்ல மெஷினுக்கு எண்ணெய் விடுவேன். ரெண்டு சொட்டுதான். அதிகமா விட்டா கறை துணியில வந்து நிக்கும். அப்படித்தான் ஒருதடவை ஒரு பந்தாட்டக் குழுவோட சட்டைக்கு எல்லாம் முதுகுல பொட்டு வச்ச மாதிரி ஆகி, அவங்க அதுவே டிசைன்னு நினைச்சு அடுத்த வருஷமும் கேட்டாங்க. சரி, அதை விடு.

அப்புறம் கம்ப்யூட்டர். எம்பிராய்டரி புரோகிராம்னு அதுல ஒரு பெட்டி, அதைத் திறந்து நர்ஸம்மா பேரை அடிப்பேன். எந்த மாதிரி எழுத்து, எவ்வளவு உயரம்னு சொல்லுவேன். அது அந்தப் பேரைத் தையலா மாத்தும், ஊசி எங்க இறங்கணும், எங்க ஏறணும்னு. அதை மஞ்சள்ல ஏத்தி மெஷின்ல சொருகுவேன். மெஷின் தைக்கும். அவ்வளவுதான் மாப்ளே. அந்த ஒரு பெட்டிதான் என் கம்ப்யூட்டர். படமும் கிடையாது, கணக்கும் கிடையாது, கணக்கு உங்க அக்கா தலையில இருக்கு. இது உனக்குத் தெரியும்னுதான் நான் இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அந்தப் பெட்டி விண்டோஸ்ல மட்டும்தான் திறக்குமாம். நெட் சென்டர் அம்மா சொன்னாங்க. அவங்க வச்சிருக்கறது மின்ட். நாலு வருஷமா அதுதானாம்.

கோட்டு மூணுல ஒரு பங்குதான் முடிஞ்சிருக்கு. கை ரொம்ப வீங்கினதால நேத்தோட ஊசிய நிறுத்தச் சொல்லிட்டேன். நான் தைக்கப் பாத்தேன். ஒரு பேரைத் தைச்சு முடிச்சுத் தூக்கினா, கோட்டோட சேந்து என் வேட்டியும் வருது.

அத்தான்


6 மார்ச்

அத்தான்,

இந்தத் தடவை சுருக்கமா.

மின்ட் போடுங்க. நான் முதல்ல அதைச் சொன்னேங்கறதுக்காக இல்ல. டெபியன்லயும் இந்த வேலை ஆகும், ஃபெடோராவுலயும் ஆகும். ஆனா நான் இருக்கறது மலை மேல. நீங்க ஒண்ணு கேட்டு அதுக்கு நான் பதில் சொல்லி, அது உங்க கைக்கு வர ரெண்டு லாரி வேணும். அந்தம்மா ரெண்டு கடை தள்ளி இருக்காங்க. கூப்பிட்டா வந்து பாப்பாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சதுதான் உங்களுக்கு நல்ல லினக்ஸ்.

அதுல இங்க்ஸ்கேப்னு படம் வரையிற புரோகிராம் ஒண்ணைப் போடச் சொல்லுங்க. அதோட இங்க்ஸ்டிச்னு ஒண்ணு சேரும். உங்க பெட்டி செஞ்ச வேலைய அது செய்யும், காசு கிடையாது. எழுத்துக்கூட அதுலயே இருக்கு, தைக்கிறதுக்குத் தயாரா. இப்படி ஒண்ணு இருக்கறது இத்தனை வருஷம் லினக்ஸ் பேசின எனக்கே தெரியாது. நீங்க எழுதினப்புறம் சர்வேயர் வச்சிருந்த பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகள்ல தேடிப் பிடிச்சேன்.

மஞ்சள் பென் செத்துப்போகல. ஃபேட்ங்கற பழைய முறையில ஃபார்மட் பண்ணச் சொல்லுங்க, மெஷின் திரும்பப் படிக்கும். இந்த லாரியிலயே ஒரு பெரிய பென்டிரைவ் அனுப்புறேன், லினக்ஸை அதுல எழுதச் சொல்லுங்க. மஞ்சளைக் கொண்டு போக வேண்டாம். திரும்பவும் சொல்றேன், மஞ்சள் வேண்டாம்.

அக்கா கை எப்படி இருக்கு? அதை முதல் வரியில எழுதுங்க.

மாப்பிள்ளை


3 ஏப்ரல்

மாப்ளே,

வீக்கம் வடிஞ்சிருச்சு. முதல் வரி போதுமா?

ஆஸ்பத்திரியிலதான் கட்டுப் போட்டாங்க. போட்ட நர்ஸம்மா கோட்டுல இருந்த பேரு உங்க அக்கா ஊசியில தைச்சது. அவங்க கட்டைச் சுத்திக்கிட்டே, "இதெல்லாம் எந்த மெஷின்ல போடுறீங்க, இவ்வளவு நைசா இருக்கே?"ன்னாங்களாம். இவ வீங்கின கையைத் தூக்கிக் காட்டி, "இந்த மெஷின்தான், இப்ப ரிப்பேர்"னாளாம். அந்த நர்ஸம்மாவுக்குச் சிரிக்கவும் முடியல, கட்டை விடவும் முடியல.

மின்ட் போட்டாச்சு. நெட் சென்டர் அம்மா அவங்க நாற்காலியையே தூக்கிக்கிட்டு வந்து உக்காந்தாங்க. நம்ம கடை நாற்காலி அவங்களுக்கு ஆகாதாம். உக்கார்றதுல ஒரு கணக்கு வச்சிருக்காங்க. அதைக் கேட்டு முடிக்கவே ஒரு மத்தியானம் ஆச்சு. நீ சொன்ன பெட்டிய நான் அவ்வளவு சுலபமாப் பிடிச்சுக்கலன்னு வை. முதல்ல தைச்ச பேரு ஒரு முழ நீளத்துக்கு வந்துச்சு, நர்ஸம்மாவை விடப் பேர் பெரிசு. உங்க அக்கா என்னை எந்திரிக்கச் சொல்லிட்டு, கட்டுப் போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு, ஒத்தைக் கையால அதை ஓட்டிக் கத்துக்கிட்டா. இப்ப அந்த நாற்காலி அவளோடது. எனக்கு எண்ணெய் விடுற வேலை மட்டும்தான்.

ஆனா கட்டடம் திறக்கறதுக்குள்ள எல்லாம் முடியல மாப்ளே. பாதிக் கோட்டைப் பெரிய கடைக்குக் கொடுத்துட்டாங்க. திறப்பு நாள்ல வரிசையா நின்னாங்க, நாம போட்ட பேர் ஒண்ணு, பெரிய கடை போட்ட பேர் ஒண்ணுன்னு கலந்து கட்டி. அடுத்த வருஷம் யாருக்குன்னு தலைமை நர்ஸம்மா இன்னும் முடிவு பண்ணல. ஆறு வாரத்தை நீயும் நானும் சேந்து தின்னுட்டோம், வேற என்ன சொல்றது. எனக்குக் கோபம் இன்னும் ஆறல. உங்க அக்கா ஆறிட்டா. அவ ஆறினதைப் பாக்குறப்ப எனக்கு இன்னும் கொஞ்சம் ஏறுது.

மஞ்சள் பென்டிரைவ்ல ஓட்டை போட்டு நூல் கோத்து மெஷினோடவே கட்டிட்டேன். இனி அது தெரு தாண்டாது.

இதோட ஒரு சட்டை வருது. ஹாரன் அதைத் தோள்ல போட்டுக்கிட்டு வரப் பாப்பான், விடாம வாங்கிக்கோ. உங்க அக்கா அந்த லினக்ஸ்ல வரைஞ்சு மெஷின்ல போட்டது. பாக்கெட்டுக்கு மேல உன் பேர் இருக்காது, "எதுக்கு?"ன்னு ஒரே வார்த்தைதான் இருக்கும். எதிர்ல நிக்கிறவங்களுக்கு அது தலைகீழாத் தெரியும். தப்பாப் போட்டுட்டாங்கன்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போறாங்க. இனிமே எவனாவது உன்கிட்ட வந்து எந்த லினக்ஸ் நல்லதுன்னு கேட்டா, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீ குனிஞ்சு படிக்கணும்ல? உனக்கு நேரா இருக்கட்டும்னுதான் அவ அதைத் திருப்பிப் போட்டா.

காலைத் துடைச்சுட்டுப் படு.

அத்தான்